பெரிய ரேடியேற்றர் வாங்க முன்: வன்னி வெயிலில் டேர்போ காரின் சூட்டைப் பிடித்து வைப்பது

கேள்வி இதுதான். கிளிநொச்சியில் இருக்கும் தம்பி ஒருவரிடம் 2001ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் இருக்கிறது. 2 லீற்றர் டேர்போ எஞ்சின், கொம்பனிக் கணக்கில் 250 குதிரைவலு. முன்பு வைத்திருந்தவர் பம்பருக்குப் பின்னால், டேர்போ அழுத்தித் தள்ளும் சூட்டுக் காற்றை ஆற்றும் பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் பூட்டியிருக்கிறார். ஏ9 வீதியில் வவுனியா போய்ச் சேரும்வரை சூட்டு முள் அசையாது. ஆனால் வவுனியா டவுனுக்குள் ஏசி போட்டு ஊர்ந்தால் ஏறுகிறது. கிரவல் றோட்டில் நன்றாக மிதித்தாலும் ஏறுகிறது. ஒரு நாள் அனுராதபுரம் சாலியபுரத்தில் சூப்பர் குரொஸ் கார்ப் பந்தயம் ஓடிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. பாகங்கள் விற்கும் கடைக்காரர் தடித்த அலுமினிய ரேடியேற்றர் போடச் சொல்கிறார். கராஜ் பாஸ், தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்ரற் வால்வைக் கழற்றி எறியச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

தம்பி, இரண்டையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் எழுதியதில் இருப்பது ஒரு வருத்தமல்ல, இரண்டு. ஊரும்போது சூடாவது வேறு, மிதிக்கும்போது சூடாவது வேறு. முதலாவது பெரும்பாலும் காற்றுப் பிரச்சினை. இரண்டாவது தண்ணீர்ப் பக்கமாகவும் இருக்கலாம், காற்றுப் பக்கமாகவும் இருக்கலாம், எஞ்சின் எரிக்கும் விதத்திலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ரேடியேற்றரை மாற்றினால் காசு போகும், முள் இறங்காது.

முதலில் ஒரு கணக்கு. எஞ்சின் சூடாவது அதன் பொனற்றில் எழுதியிருக்கும் குதிரைவலுவால் அல்ல, அந்த நேரத்தில் எரிக்கும் பெற்றோலால். பெற்றோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சரால் வெளியே போகிறது, இன்னொரு பங்கு எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் சுற்றும் தண்ணீரான கூலன்றுக்குள் போகிறது, மிச்சத்தில்தான் கார் ஓடுகிறது. ஏ9இல் சட்டப்படி 70 கிலோமீற்றர் வேகத்தில் சமநிலத்தில் போகும்போது உங்கள் காருக்கு ஏசியும் சேர்த்து சுமார் 15 குதிரைவலு போதும். அதாவது 250இல் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ரேடியேற்றர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 15 கிலோவாற் அளவுதான், அதைச் சின்ன மோட்டர் கார் ரேடியேற்றரே செய்யும். ஆனால் கால் பெடலின் அடிவரை போய் எஞ்சின் முழு வலுவையும் தரும்போது கூலன்றுக்குள் இறங்கும் வெப்பம் நூறு கிலோவாற் அளவுக்குப் போகும். ஐம்பது மின்சாரக் கேத்தில் ஒரே நேரத்தில் கொதிக்கிற கணக்கு அது.

ஆகவே 250 குதிரைவலுக் கார் என்பதால் றோட்டில் சூடாவது இயல்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டவுனுக்குள் ஊரும் டபிள்யூஆர்எக்ஸும் ஊரும் அல்ற்றோவும் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரும்போது முள் ஏறினால் ஏதோ ஒன்று பழுது. பெரிய ரேடியேற்றர் அந்தப் பழுதைக் கொஞ்ச நாளைக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

இனி வெயில். ரேடியேற்றர் எவ்வளவு வெப்பத்தைத் தள்ளும் என்பது கூலன்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ற் 95 பாகை, நுவரெலியாவில் காற்று 16 பாகை என்றால் வித்தியாசம் 79. அதே கூலன்ற், வவுனியாவில் காற்று 36 பாகை என்றால் வித்தியாசம் 59 மட்டும். அதே கார், அதே ரேடியேற்றர், ஆனால் கால் பங்கு திறன் காணாமல் போய்விட்டது. தார் றோட்டுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் மதிய நேரக் காற்று இதைவிடச் சூடு. அதோடு ஏசி போட்டால் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், அதாவது ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம், அந்தக் காற்றை இன்னும் சூடாக்கித்தான் ரேடியேற்றருக்குக் கொடுக்கும். நீங்கள் வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் ஆட்கள் பலர் 20 பாகையில் ஓடுகிறவர்கள். அவர்களுக்குப் போதுமானது எங்களுக்குப் போதாது. ஆனால் அவர்களுக்குத் தேவையில்லாத கவனம் சிலது எங்களுக்குத் தேவை.

சரி, வவுனியா டவுன் விசயத்துக்கு வருவோம். 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது காற்று தானாக ரேடியேற்றருக்குள் புகுந்துவிடும், ஃபான் வேண்டியதில்லை. உங்கள் முள் ஏ9இல் அசையாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். டவுனுக்குள் வந்ததும் முழுப் பொறுப்பும் ஃபானுக்கு. உங்கள் காரில் ஃபான் இரண்டு. எஞ்சினை ஸ்ராற் பண்ணி ஏசியைப் போட்டுவிட்டுப் பொனற்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் சுழல வேண்டும், அதுவும் சோர்வில்லாமல் சுழல வேண்டும். ஒன்று நிற்கும், அல்லது நொண்டும் என்றுதான் என் எண்ணம். இருபது வருடம் தாண்டிய மோட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சில சமயம் மோட்டர் நல்லது, றிலே அல்லது ஃபானுக்கு வரும் வயரின் பிளக் கருகியிருக்கும். பிளக்கைக் கழற்றி உள்ளே பழுப்பு நிறம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபான் நல்லதென்றால் அடுத்தது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் கவசம். சிலர் இடம் போதாதென்று அதைக் கழற்றிவிட்டு ஃபானை நேரே கோரில், அதாவது ரேடியேற்றரின் காற்றுப் போகும் நடுப்பகுதியில், பிளாஸ்ரிக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டினால் ஃபானுக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்று போகும், நான்கு மூலையும் சும்மா இருக்கும். கவசம் இருந்தால்தான் ஃபான் முழுக் கோரிலிருந்தும் காற்றை இழுக்கும். அதேபோல ரேடியேற்றரின் இரண்டு பக்கமும் மேலும் கீழும் இருக்கும் இடைவெளிகளைப் பாருங்கள். கொம்பனி அங்கே ஸ்பொஞ்சும் றப்பரும் வைத்திருக்கும். இருபது வருடத்தில் அது உதிர்ந்து போயிருக்கும். ஊரும்போது எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்று அந்த ஓட்டைகளால் முன்னுக்கு வந்து, ஃபான் அதையே திரும்ப இழுக்கும். ஓடும்போது புதுக் காற்று ரேடியேற்றருக்குள் போகாமல் அதே ஓட்டைகளால் சுகமாகத் தப்பிப் போகும். காற்று சோம்பேறி. கஷ்டமான வழியையும் சுலபமான வழியையும் காட்டினால் சுலபமானதைத்தான் எடுக்கும். சில நூறு ரூபாய் ஸ்பொஞ்சால் அடைக்கும் ஓட்டைக்காகப் புது ரேடியேற்றர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய அழுக்கு. அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், மெஷினுக்குப் பின்னால் போனால் வைக்கல் தூசியும் பதரும் பறக்கும். மழை தொடங்கும்போது ஈசல். நடுவில் செம்மண் புழுதி. இவை எல்லாம் ரேடியேற்றரின் முன்முகத்தில் நிற்காது, கண்டென்சரைக் கடந்து போய் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் பாய் மாதிரிப் படியும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும், உள்ளே அடைத்திருக்கும். உங்களுக்கு இன்டர்கூலர் வேறு இருப்பதால் அடைபட இரண்டு இடுக்கு. ரேடியேற்றரின் மேல் பிடிகளைக் கழற்றி அதைப் பின்னுக்குச் சாய்த்து ரோச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண குழாய் வேகத்தில் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்துப் பிறஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் எல்லாம் மடிந்து படுத்துவிடும், பிறகு அது காற்றுக்குச் சுவர்தான்.

இவ்வளவும் செய்தால் டவுன் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வவுனியாவிலிருந்து வடக்கே மெதுவாக வரும்போது காற்று முதுகில் அடிக்கும். கார் 40இல் போனாலும் ரேடியேற்றருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைந்த காற்று. அந்த நேரம் கூலன்றின் சூடு கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டியதில்லை.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காலக் கார்களின் முள் உண்மை சொல்லாது. 80 பாகையிலிருந்து ஏறத்தாழ 100 பாகை வரை அசையாமல் நடுவில் நிற்கும்படிதான் பல கொம்பனிகள் செய்திருக்கின்றன. முள் அசைகிறது என்றால் ஏற்கெனவே தாமதம். காரின் கணினியில் இருக்கும் எண்களைத் தொலைபேசிக்கு அனுப்பும் ஓபிடி கருவி உங்கள் காரில் வேலை செய்தால் அதைப் பூட்டித் தொலைபேசியில் எண்ணைப் பாருங்கள், இல்லாவிட்டால் தனி வெப்பமானி ஒன்று பூட்டுங்கள். எண் தெரியாமல் செய்வதெல்லாம் ஊகம். ரேடியேற்றருக்குச் செலவழிக்க முன் செலவழிக்க வேண்டிய முதல் காசு இதற்குத்தான்.

இரண்டாவது வருத்தம் மிதிக்கும்போது ஏறுவது. இதற்கு இன்ஃப்ராறெட் வெப்பமானி ஒன்று தேவை, துப்பாக்கி மாதிரி இருக்குமே, கொவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது போன்றது. ஆனால் நெற்றிக்குப் பிடிப்பது சுமார் 43 பாகைக்கு மேல் காட்டாது, தொழில் பாவனைக்கானதை வாங்குங்கள். நன்றாக ஓட்டி 95 பாகைக்கு மேல் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தாமல், ரேடியேற்றரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளவுங்கள். கறுப்பு றப்பரில்தான் பிடிக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் அது பொய் சொல்லும். தெர்மோஸ்ரற் முழுதாகத் திறந்திருக்கும் அந்த நிலையில் இரண்டுக்கும் 5 முதல் 10 பாகை வித்தியாசம் இருந்தால் நல்லது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுக்கவில்லை. வித்தியாசம் 20, 25 என்று இருந்தால் காற்று தன் வேலையைச் செய்கிறது, தண்ணீர்தான் போதுமான அளவு ஓடவில்லை. தெர்மோஸ்ரற் பாதி திறக்கிறது, அல்லது பம்பின் இதழ் அரித்திருக்கிறது, அல்லது கோரின் ரியூப் அடைத்திருக்கிறது.

ரியூப் அடைப்பை அதே கருவியால் பிடிக்கலாம். கோரின் பின்முகம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பட்டை மட்டும் குளிராக இருந்தால் அந்த ரியூப்கள் செத்துவிட்டன. அப்படியானால் மட்டும் ரேடியேற்றர் மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

கீழ் ஹோஸையும் கவனியுங்கள். பம்ப் அதிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பழைய றப்பர் மெத்தென்று ஆகி, உயர்ந்த சுற்றில் உள்ளுக்குச் சப்பி ஒட்டிவிடும். நிற்கும்போது பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஒருவரை 4000 சுற்று வரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பார்க்க வேண்டும்.

மூடி விசயத்தில் சுபாரு டேர்போவுக்கு ஒரு தனிச் சிக்கல். இதில் மூடி இரண்டு, ஒன்று ரேடியேற்றரில், மற்றது மேலே எஞ்சினோடு இருக்கும் சின்ன உலோகத் தொட்டியில். இரண்டும் ஒரே அழுத்தத்துக்கானவை அல்ல. மேல் தொட்டியின் மூடிதான் முதலில் திறந்து, வெளியே இருக்கும் போத்தலுக்குத் தண்ணீரை அனுப்ப வேண்டும். கராஜில் கழுவும்போது இரண்டையும் மாறிப் போட்டுவிடுவார்கள், அல்லது கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை இரண்டுக்கும் போடுவார்கள். பிறகு ஏன் தண்ணீர் குறைகிறது என்று யாருக்கும் விளங்காது. பார்த்து வாங்குங்கள். மூடி என்பது சின்ன விசயமல்ல. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் 118 பாகை தாண்டியும் கொதிக்காது, 1.1 பார் என்றால் 121. மூடியின் றப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் அந்த இருபது பாகை பாதுகாப்பு முழுவதும் போய்விடும். எஞ்சின் தலையில் சூடான இடங்களில் ஆவிக் குமிழி வரும், குமிழி இருக்கும் இடத்தில் வெப்பம் கடத்தப்படாது. அதனால்தான் சூடான எஞ்சினின் மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்வது. அழுத்தம் போன கணமே 110 பாகைத் தண்ணீர் ஆவியாக முகத்துக்கு வரும்.

உங்கள் முன் இன்டர்கூலரைச் சந்தேகப் பட்டியலில் மேலே வைக்கிறேன். டபிள்யூஆர்எக்ஸில் கொம்பனி இன்டர்கூலரை எஞ்சினுக்கு மேலே, பொனற்றில் இருக்கும் வாய்க்கு நேரே வைத்தது. ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு கண்டென்சர் மட்டும் இருக்கும்படிதான் எல்லாம் கணக்குப் பார்க்கப்பட்டது. முன்னால் இன்னொரு தடித்த கோரைக் கொண்டுவந்து நிறுத்தினால் காற்றின் அளவும் குறையும், மிதிக்கும்போது வரும் காற்று சூடாகவும் இருக்கும். கழற்றுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பம்பரின் வாயிலிருந்து இன்டர்கூலர் வரை, அங்கிருந்து ரேடியேற்றர் வரை, பக்கங்களை மூடி அலுமினியத் தகட்டாலோ தடித்த பிளாஸ்ரிக்காலோ குழாய் மாதிரி அமைக்க வேண்டும். உள்ளே வந்த காற்று பின்னுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. கீழ்ப்பக்கத்து எஞ்சின் மறைப்புத் தகடு கிரவலில் அடிபட்டுக் கழன்று போயிருந்தால் அதையும் திரும்பப் பூட்டுங்கள். அது கல்லுக்கு மட்டும் அல்ல, ரேடியேற்றருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக் காற்றை இழுக்கவும் உதவுகிறது.

இதோடு தொடர்பாக, பொனற்றின் பின் பிணைச்சலுக்கு வாசர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் எங்கள் பெடியளிடம் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது சூடு மேலே போகும், உண்மை. ஆனால் ஓடும்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதி காற்று முட்டி அழுத்தம் கூடும் இடம். அங்கே வழி திறந்தால் காற்று வெளியே போகாது, உள்ளே வரும். ரேடியேற்றரால் வரவேண்டிய காற்றுக்கு அது எதிர்ப்பு. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பொனற்றின் முன் பாதியில், ரேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும். அங்கேதான் அழுத்தம் குறைவு.

பெற்றோலும் சூட்டில் பங்கெடுக்கும். ஜப்பான் சந்தைக்கு வந்த இந்தக் கார் அங்கத்தைய உயர் ஒக்டேன் பெற்றோலுக்கு அமைக்கப்பட்டது. எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 92, 95. நீங்கள் 92 அடித்துவிட்டு மிதித்தால் எஞ்சின் தட்டும், கணினி இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், வெளிப்புகைச் சூடு ஏறும், டேர்போவும் அதைச் சுற்றி ஓடும் கூலன்றும் சேர்ந்து சூடாகும். 95 மட்டும் அடியுங்கள். முன்பு வைத்திருந்தவர் பூஸ்ற்றை, அதாவது டேர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கூட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இன்டர்கூலர் மாற்றியவர் அதோடு நின்றிருக்க மாட்டார்.

கடைசிச் சந்தேகம் ஹெட் கஸ்கெற், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் அடைப்பு. எஞ்சினை ஓடவிட்டு வெளிப் போத்தலைப் பாருங்கள். சூடான பிறகும் தொடர்ந்து குமிழி வந்துகொண்டிருந்தால், போத்தலில் புகை மணம் அடித்தால், ஓடி முடித்ததும் போத்தல் நிரம்பி ஆறிய பிறகும் தண்ணீர் திரும்ப உள்ளே போகாவிட்டால், எரிந்த வாயு கூலன்றுக்குள் வருகிறது. அந்த நிலையில் உலகத்திலேயே பெரிய ரேடியேற்றரைப் போட்டாலும் பிரயோசனம் இல்லை.

பாஸ் சொன்ன தெர்மோஸ்ரற் கதைக்கு வருகிறேன். தெர்மோஸ்ரற்றைக் கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், அதனால் ஆற நேரம் கிடைக்காது என்று கழற்றாதே என்பவர்கள் சொல்வார்கள். அது தவறு. தண்ணீர் வேகமாக ஓடினால் கோர் முழுக்கச் சூடாக இருக்கும், வெப்பம் கூடத்தான் போகும். கழற்றக்கூடாது என்பதற்கு உண்மைக் காரணம் வேறு. உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்ரற் கீழே, பம்பின் நுழைவாயிலில் இருக்கிறது. சுமார் 78 பாகையில் திறக்கத் தொடங்கும். அது திறக்கும்போது அதன் மறுமுனையில் இருக்கும் சின்னத் தட்டு, ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடும். முழுதாகக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குப் போகும். வன்னி வெயிலில் மிதிக்கும்போது இது சூட்டைக் குறைக்காது, கூட்டும். மழைக்கால இரவில் எதிராக நடக்கும். எஞ்சின் சூடாகாது, கணினி பெற்றோலைக் கூடக் கொடுக்கும், ஒயிலுக்குள் பெற்றோல் இறங்கும். பழைய லொறிகளில் கழற்றி ஓடியது உண்மைதான். அந்த எஞ்சின்களின் அமைப்பு வேறு. நல்ல கொம்பனித் தெர்மோஸ்ரற் ஒன்று வாங்கிப் போடுங்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் மலிவானவை பலதில் வால்வின் வாய் சின்னது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேத்திலின் அடியைப் பார்த்தால் போதும். அந்த வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் எஞ்சின் தலைக்குள்ளும் அதே மாதிரிப் படியும், படிந்த இடத்தில் வெப்பம் கடத்தாது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ஊருக்கு ஊர் உப்பை வடிகட்டித் தரும் ஆர்.ஓ. தண்ணீர் நிலையம் வந்துவிட்டது. குடிப்பதற்காக வைத்தது, ஆனால் ரேடியேற்றருக்கும் அது நல்லது. இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர். அசிற் போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள். ஆனால் சுத்தமான தண்ணீர் மட்டும் விட்டு ஓடவும் கூடாது, அலுமினியம் அரிக்கும், பம்பின் சீல் காயும்.

கூலன்ற் என்பதைக் குளிர் நாட்டுக்காரருக்கானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. உறையாமல் இருப்பது எங்களுக்குத் தேவையில்லை. அரிப்பைத் தடுக்கும் மருந்து தேவை, கொதிநிலை கொஞ்சம் கூடுவதும் நல்லது. அதற்காகக் கூடக் கூட நல்லது என்றும் இல்லை. கிளைக்கோல் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் வெப்பத்தைச் சுமக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் அதே எடைக்குச் சுமார் 15 வீதம் குறைவு. கெட்டியான கூலன்ற் 30 வீதம், ஆர்.ஓ. தண்ணீர் 70 வீதம் என்பது எங்கள் காலநிலைக்குச் சரியான கலவை. போத்தலில் 'நேரே ஊற்றவும்' என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்தது, திரும்பத் தண்ணீர் விடக்கூடாது. பச்சையையும் சிவப்பையும் கலக்க வேண்டாம். எது உள்ளே இருக்கிறதென்று தெரியாவிட்டால் முழுதாக வடித்து, கழுவி, புதிதாக ஊற்றுங்கள். ஊற்றும்போது காற்று வெளியேறுவது இந்த எஞ்சினில் கொஞ்சம் பொறுமை கேட்கும். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் குமிழி உள்ளே தங்கும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேற்றரின் மேல் மூலையில் இருக்கும் காற்றுத் திருகாணியைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். புது ரேடியேற்றர் போட்ட பிறகும் சூடாகிறது என்று வருகிற கார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இனி ரேடியேற்றர். சாலியபுரம் ஓடுவதென்றால் ஒரு நாள் வாங்கத்தான் வேண்டும். சூப்பர் குரொஸில் வேகம் பெரிதில்லை, ஆனால் கால் எப்போதும் அடியில், காற்று குறைவு, புழுதி நிறைய. அதுதான் ரேடியேற்றருக்கு மிகக் கடினமான வேலை. சாதாரண ஓட்டத்துக்கும்கூட, உங்கள் கொம்பனி ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டி பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் பொடி வந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் எல்லாரும் பழைய கார்களையே பேணி ஓடினோம். வீதியில் இருக்கும் ரேடியேற்றர்களும் அப்படியே கிழண்டிவிட்டன.

செம்பு நல்லதா அலுமினியம் நல்லதா என்று கேட்பார்கள். உலோகமாகப் பார்த்தால் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஆனால் பழைய செம்பு ரேடியேற்றரில் ஃபினையும் பித்தளை ரியூப்பையும் ஒட்டுவது ஈயப் பற்றாசு, அது மோசமான கடத்தி. அலுமினியத்தில் ஃபினும் ரியூப்பும் உருகி ஒன்றாகப் பிடித்திருக்கும், ரியூப்பை அகலமாகவும் செய்யலாம், பாரமும் குறைவு. ஊரில் ஒட்டித் திருத்தலாம் என்பது செம்பின் நன்மை. உங்கள் காருக்கு அலுமினியம்தான்.

தடிப்பு விசயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். தடிப்பை இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிக்காது. முன் பாதியைக் கடந்த காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது, பின் பாதிக்கு அதனால் எடுக்க முடிவது கொஞ்சம்தான். தடித்த கோரைக் காற்று கடப்பதும் கஷ்டம், அதனால் மெதுவாகப் போகும்போது கொம்பனி ரேடியேற்றரைவிட மோசமாகவும் இருக்கலாம். முகப்பரப்பு கூடுவதுதான் உண்மை இலாபம், ஆனால் உங்கள் காரில் அகலத்துக்கும் உயரத்துக்கும் இடமில்லை. ஆகவே 36 முதல் 42 மில்லிமீற்றர் தடிப்பு போதும். அதற்கு மேல் போனால் ஃபான்கள் எஞ்சினில் முட்டும், பிறகு கொம்பனி ஃபானையும் கவசத்தையும் கழற்றிவிட்டு மெல்லிய மலிவு ஃபான் போடுவீர்கள், திரும்ப வவுனியா டவுனில் வந்து நிற்பீர்கள். கொம்பனிக் கவசம் அப்படியே பொருந்தாத ரேடியேற்றர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஃபின் நெருக்கத்தையும் பாருங்கள். நெருக்கமான ஃபின் சுத்தமான தார்ப் பாதையில் நல்லது. பதரும் புழுதியும் பறக்கும் இடத்தில் அது வடிகட்டி. கொஞ்சம் அகலமான ஃபின் எடுங்கள், ஒரு மாதம் கழுவாவிட்டாலும் ஓடும். வலை போடுவதென்றால் கோரில் ஒட்டிப் போடாமல் பம்பர் வாயில் போடுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தட்டிவிடலாம்.

வாங்கும்போது மூடி உட்காரும் கழுத்தை உங்கள் கொம்பனி மூடியோடு போட்டுப் பாருங்கள். மலிவு ரேடியேற்றர்களில் கழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீற்றர் மாறியிருக்கும், மூடியின் ஸ்பிறிங் சரியாக அழுத்தாது, அழுத்தம் நிற்காது. வெல்டிங் ஒரே சீராக இருக்கிறதா, பிடிகளில் றப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். றப்பர் இல்லாமல் இறுக்கிப் பூட்டிய அலுமினியத் தொட்டி கிரவல் அதிர்வில் வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும். பூட்டிய பிறகு மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மறுமுனையைத் தொட்டியைத் தொடாமல் கூலன்றிலும் வையுங்கள். எஞ்சின் ஓட, ஃபானும் விளக்கும் போட்டிருக்க, 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எங்கோ ஏர்த் கம்பி சரியில்லை. மின்சாரம் கூலன்ற் வழியாகப் போய் புது ரேடியேற்றரை ஊசித் துளையாக அரித்துவிடும்.

பந்தயம் ஓடுவதென்றால் ரேடியேற்றரைவிட முதலில் ஒயில் கூலர் வாங்கச் சொல்வேன். டேர்போ எஞ்சினில் ஒயில் தண்ணீரைவிடக் கூடச் சூடாகும், அதைத் தனியாக ஆற்றினால் ரேடியேற்றரின் பாரமும் குறையும். தெர்மோஸ்ரற் உள்ளதாகப் பாருங்கள், காலையில் ஒயில் தடித்தே இருக்கக்கூடாது.

வேகமாக ஓடிவந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறும்போது முள் ஏறியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பழுதல்ல. எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நிற்கும், டேர்போவிலும் தலையிலும் இருக்கும் சூடு அங்கேயே நிற்கும் தண்ணீருக்குள் இறங்கும். கோயிலுக்கு வர இரண்டு கிலோமீற்றர் முன்பே காலை எடுத்து மெதுவாக வாருங்கள், நிறுத்த முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். எப்போதாவது உண்மையிலேயே ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி ஹீற்றரை முழுதாகப் போடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் தப்பும். நிறுத்திய எஞ்சினுக்குமேல் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், சூடான அலுமினியத் தலை வளைந்துவிடும்.

முதலில் ஃபான், இடைவெளிகள், இடுக்கு அழுக்கு, இரண்டு மூடி, தெர்மோஸ்ரற், கூலன்ற் இவற்றைச் செய்யுங்கள். பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் சூட்டையும், அன்றைய வெளிச் சூட்டையும், ஏசி போட்டிருந்ததா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த ரேடியேற்றர் என்று பேசுவோம்.